குடிநோய் ஆலோசகர் வேலை: சேரலாமா, வேண்டாமா?

காவிரிக்கரை (இழையைத் தொடங்கியவர்), திங்கள் இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். சமூகப்பணி முதுகலையில் மருத்துவ மற்றும் மனநலப் பிரிவை எடுத்துப் படித்து, இந்த ஆண்டுதான் முடித்திருக்கிறேன். ஊர் திருச்சி. வீட்டிலிருந்து பேருந்தில் ஒரு மணி நேரத் தொலைவில், 15 படுக்கைகள் கொண்ட ஒரு போதை மீட்பு மையத்தில் ஆலோசகர் வேலைக்கு வரும் வெள்ளிக்கிழமை நேர்காணலுக்கு அழைத்திருக்கிறார்கள். சம்பளம் மாதம் 16,000 ரூபாய் என்று தொலைபேசியிலேயே சொல்லிவிட்டார்கள்.

அம்மாவுக்கு இதில் கொஞ்சமும் விருப்பமில்லை. "குடிகாரர்களோடு உட்கார்ந்து பேசுவதற்கா இரண்டு வருடம் படிக்க வைத்தேன்?" என்று கேட்கிறார். எங்கள் பெரியப்பா குடித்தே இறந்தவர் என்பதால், அந்தக் கேள்விக்குப் பின்னால் இருக்கும் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. பாட்டியோ, கவுன்சிலர் வேலை என்றதும் எந்த வார்டு, எந்தக் கட்சி என்று விசாரித்தார்.

களப்பயிற்சிக்காக அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் ஆறு வாரம் இருந்தேன். அங்கே நான் செய்தது படிவங்களை நிரப்பியதும், மூத்தவர்கள் பேசுவதைப் பக்கத்தில் நின்று பார்த்ததும்தான். ஆகவே இந்தத் துறையில் இருப்பவர்களிடம் நேராகவே கேட்டுவிடுகிறேன். ஒரு நாள் வேலை எப்படி இருக்கும்? இதை நம்பி ஒரு வாழ்க்கையை அமைத்துக்கொள்ள முடியுமா? இருபது வருடமாகக் குடிக்கும் ஒருவர், இருபத்து நான்கு வயதுப் பெண் சொல்வதை எதற்காகக் கேட்க வேண்டும்? மூன்றாவது கேள்விதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது.

---

வேப்பமரத்தடி, திங்கள் இரவு 11.15

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அவர் நீங்கள் சொல்வதைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. குடி கெடுதல் என்பதை அவருக்கு மனைவி சொல்லியாகிவிட்டது, தாய் சொல்லியாகிவிட்டது, வேலையிடத்து மேலாளரும் ஈரல் ஸ்கேன் எடுத்த மருத்துவரும் சொல்லியாகிவிட்டது. பாட்டிலின் மேலேயே உடல்நலத்துக்குக் கேடு என்று அச்சிட்டுத்தான் விற்கிறார்கள். இதற்கு மேல் அதைச் சொல்வதற்கு உங்களுக்கு யாரும் சம்பளம் தரப்போவதில்லை. அவருக்கு இதுவரை கிடைக்காதது, தன் கணக்கைத் தானே வாய்விட்டுச் சொல்லும்போது குறுக்கே பேசாமலும் முகம் சுளிக்காமலும் கேட்கக்கூடிய ஓர் ஆள். அதற்கு வயது ஒரு தடையாக இருந்து நான் பார்த்ததில்லை.

பதினேழு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். நான் சேர்ந்த முதல் மாதத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். நடந்தது அப்படியே இருக்கட்டும், ஆளை அடையாளம் காண முடியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஒரு சரக்கு வண்டி ஓட்டுநர். எவ்வளவு குடிப்பீர்கள் என்று கேட்டதற்கு, "ஒரு கட்டிங்தான்மா" என்றார். கட்டிங் என்றால் ஒரு குவார்ட்டரை இருவர் பங்கு போடுவது. நான் எதிர்த்துப் பேசாமல், அந்தக் கட்டிங் எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டேன். காலை ஆறு மணிக்கு என்றார். அந்த நேரத்தில் கடை திறந்திருக்காதே, ஆறு மணிக்குச் சரக்கு எங்கிருந்து வரும் என்று கேட்டேன். முந்தின இரவே வாங்கி, வண்டியின் டூல்ஸ் பெட்டியில் ஜாக்கிக்கு அடியில் வைத்துவிடுவாராம், ஏனென்றால் அது இல்லாமல் கை நடுங்கிச் சாவியைத் துவாரத்தில் நுழைக்க முடியாதாம். அப்புறம் பத்து மணிக்கு, அப்புறம் சாப்பாட்டுக்கு முன்னால், அப்புறம் சரக்கை இறக்கியதும் என்று அவரே சொல்லிக்கொண்டு போனார். நான் ஒரு தாளில் நேரத்தையும் அளவையும் மட்டும் எழுதினேன். கடைசியில் கூட்டிப் பார்த்தால் ஒரு நாளைக்கு நான்கு குவார்ட்டர், அதாவது 720 மில்லி. தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது என் கணக்கா?" என்று கேட்டார்.

குடிப்பழக்கத்தை அளக்க உலக சுகாதார நிறுவனம் தரும் ஆடிட் வினாத்தாளில் பத்துக் கேள்விகள், மொத்தம் 40 மதிப்பெண் என்று நீங்கள் படித்திருப்பீர்கள். அதை அவசியம் பயன்படுத்துங்கள். ஆனால் அந்தப் பத்துக் கேள்விகளையும் வாய்ப்பாடு போல ஒப்பித்தால் வாய்ப்பாடு போலத்தான் பதிலும் வரும். காலையில் சரக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தெரிந்தால், குடி எவ்வளவு தூரம் உடம்புக்குள் இறங்கியிருக்கிறது என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ஒரு நாள் வேலை எப்படி இருக்கும் என்று கேட்டீர்கள். காலையில் இரவுப் பணிச் செவிலியரின் குறிப்பைப் படிக்க வேண்டும். புதிதாகச் சேர்ந்தவரிடம் முதல் மூன்று நான்கு நாட்களுக்கு அதிகம் பேச முடியாது, அந்த நாட்கள் மருத்துவருக்கு உரியவை. தெளிந்தவர்களிடம் முழு வரலாறும் எடுக்க ஒன்றரை மணி நேரம் ஆகும். அதன் பிறகு குழு அமர்வு. மதியத்துக்கு மேல் குடும்பத்தினர் வருவார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் இந்த வேலை என்பதைப் பல புதியவர்கள் தாமதமாகத்தான் உணர்கிறார்கள். கணவரின் சட்டைப்பையைத் தினமும் சோதித்தே பழகிய பெண்ணுக்கு, அவர் நிறுத்திய பிறகும் கை தானாகச் சட்டைப்பைக்குப் போகும். வீட்டில் அடுத்த சண்டை அங்கிருந்துதான் தொடங்கும். மாலையில், ஏற்கெனவே வீடு திரும்பியவர்களுக்குத் தொலைபேசி அழைப்பு. என் பதிவேட்டில் மிக அதிகமாக இருக்கும் சொல் "எடுக்கவில்லை" என்பதுதான்.

---

இன்றைக்கு மட்டும், செவ்வாய் காலை 6.20

சகோதரிக்கு வணக்கம். நான் 2013 ஆடி மாதம் கடைசியாகக் குடித்தேன். நோயாளியாக இரண்டு முறை சேர்ந்த இடத்திலேயே பிறகு தொண்டராக இருந்து, தொலைநிலைக் கல்வியில் உளவியல் படித்து, கொழும்புத் திட்டம் என்னும் பன்னாட்டு அமைப்பு வகுத்த பாடத்திட்டத்தில் பயிற்சியும் பெற்று, இப்போது ஏழு வருடமாக ஆலோசகராக இருக்கிறேன்.

நம் துறையில் ஒரு பேச்சு உண்டு. குடித்துத் திருந்தியவனுக்குத்தான் குடிகாரனின் மனம் தெரியும், படித்துவிட்டு வருபவர்களுக்கு என்ன தெரியும் என்பார்கள். என்னைப் போன்றவர்களுக்கு இது கேட்க இனிமையாக இருக்கும், ஆனால் நான் இதை ஒப்புக்கொள்வதில்லை. என் கதை, எதிரில் இருப்பவர் கதவைத் திறப்பதற்கு முதல் பத்து நிமிடம் உதவுகிறது. பதினோராவது நிமிடத்திலிருந்து அதுவே குறுக்கே நிற்கிறது. எனக்குப் பலித்தது அவருக்கும் பலிக்க வேண்டும் என்ற பிடிவாதம் என்னை அறியாமலேயே வந்துவிடுகிறது. எனக்கு ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டம் உயிர் கொடுத்தது. 1935இல் அமெரிக்காவில் இரண்டு குடிநோயாளிகள் ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டதில் தொடங்கிய அந்த முறை, நம் ஊரில் பள்ளி வகுப்பறையிலும் தேவாலயக் கூடத்திலும் இன்றும் நடக்கிறது. ஆனால் கூட்டத்தில் என் அனுபவத்தைப் பகிர்வது வேறு, மேசைக்கு எதிரே இருப்பவரின் அனுபவத்தைக் கேட்பது வேறு. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்ட நண்பர் ஒருவர், வேலையே தனக்கு மருந்து என்று சொல்லிக் கூட்டத்துக்குப் போவதை நிறுத்தினார். ஒன்றரை ஆண்டில் மறுபடி குடித்தார்.

எங்கள் ஊர்க்காரர்களிடம் மட்டுமே நீங்கள் கேட்கக்கூடிய ஒரு வாதத்துக்கும் தயாராக இருங்கள். "நான் அடிமை இல்லை மேடம், வருடா வருடம் மாலை போட்டு 48 நாள் தொடுவதே இல்லை" என்பார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். மாலையைக் கழற்றிய அன்று மாலை எங்கே இருந்தேன் என்று ஓர் ஆலோசகர் கேட்டபோதுதான் எனக்கு வாயடைத்தது. அவர் என் விரதத்தைக் கேலி செய்யவில்லை. "48 நாள் எப்படி முடிந்தது, அந்த நாட்களில் சாயங்காலம் ஆறு மணிக்கு என்ன செய்தீர்கள்?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். பஜனை, குளியல், நேரத்துக்குச் சாப்பாடு, சாமி என்று கூப்பிடும் பத்துப் பேர் என்று பட்டியல் நீண்டது. என் சிகிச்சைத் திட்டத்தையே அதிலிருந்துதான் எழுதினார். கோயிலில் கயிறு கட்டிக்கொண்டு வருபவர்களையும் இதே மரியாதையோடு கேளுங்கள். ஒரு எச்சரிக்கையும் உண்டு. தினமும் மொடாக்குடி குடித்தவர் மாலை போட்ட அன்றே சட்டென்று நிறுத்தினால் முதல் சில நாட்களில் வலிப்பு வரவும் உளறவும் கூடும். அதை மருத்துவர் யாராவது இங்கே விளக்கினால் நல்லது.

---

மூன்று வருடம் போதும், செவ்வாய் பிற்பகல் 1.05

எல்லோரும் நல்லதையே எழுதுவதால், மற்றதை நான் எழுதுகிறேன். நான் முதலில் சேர்ந்த மையத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அங்கே நோயாளிகள் தாமாக வருவது குறைவு. வீட்டிலிருந்து அழைப்பு வந்தால் இரவில் நான்கு பேர் வண்டியில் போய்த் தூக்கி வருவார்கள். அதற்குப் "பிக்கப்" என்று பெயர், தனிக் கட்டணமும் உண்டு. வந்தவுடன் கைபேசியை வாங்கிக்கொண்டு, இரும்புக் கதவைப் பூட்டிவிடுவார்கள். எதிர்த்துப் பேசியவர்களுக்கு அடி விழுந்தது. பத்து நாளுக்கு ஒரு முறை வரும் மருத்துவர் ஒரே நாளில் எல்லாத் தாள்களிலும் கையெழுத்திட்டுப் போவார்.

அங்கே என்னுடைய வேலை, நடக்காத ஆலோசனை அமர்வுகளுக்கு நடந்ததாகக் குறிப்பெழுதுவது. எழுதினேன். ஏழு மாதம் எழுதினேன். வீட்டில் கடன் இருந்தது, வேறு வேலை கிடைக்கவில்லை என்றெல்லாம் காரணம் சொல்லலாம், ஆனால் எழுதியது என் கைதான். பிறகு வேறொரு நல்ல மையத்துக்கு மாறினேன். அங்கே மாதம் 14,000 ரூபாய்க்கு, 15 படுக்கைக்கு நான் ஒருவனே ஆலோசகன். சம்பள உயர்வு கேட்டபோதெல்லாம் "இது சேவை" என்ற பதில் வந்தது. வாடகை வாங்கும் வீட்டுக்காரரிடம் அந்தச் சொல்லைக் கொடுக்க முடியவில்லை. மூன்று வருடம் முடிந்ததும், ஒரு தொழிற்சாலையின் மனிதவளப் பிரிவுக்குப் போய்விட்டேன்.

வேலையை நான் வெறுக்கவில்லை. எந்த வாசலுக்குள் நுழைகிறோம் என்று பார்க்காமல் நுழைந்தேன், அவ்வளவுதான். தங்கை அதைப் பார்த்துவிட்டு நுழையட்டும்.

---

தாமிரபரணி மருத்துவர், செவ்வாய் இரவு 8.50

அரசு மருத்துவமனையில் பணிபுரியும் மனநல மருத்துவர் நான். முந்தைய பதிவைப் படித்துவிட்டுச் சட்டத்தைப் பற்றி முதலில் எழுத வேண்டியிருக்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் மதுவாலும் போதைப்பொருளாலும் வரும் மனநிலைப் பாதிப்புகளையும் தன் வரையறைக்குள் சேர்த்திருக்கிறது. ஆகவே இவர்களைத் தங்கவைத்துச் சிகிச்சை தரும் மையம் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். ஒருவர் தாமாக ஒப்புக்கொள்ளாத நிலையில் சேர்ப்பதற்கு, அவருடைய நியமனப் பிரதிநிதி விண்ணப்பிக்க வேண்டும். மனநல மருத்துவர் ஒருவரும், இன்னொரு மருத்துவரோ மனநலப் பணியாளரோ ஒருவரும் தனித்தனியாகப் பரிசோதித்திருக்க வேண்டும். அதுவும் முதலில் 30 நாட்களுக்குத்தான். சங்கிலியால் கட்டுவதற்கு எந்தச் சூழ்நிலையிலும் அனுமதி கிடையாது. இரவில் நான்கு பேர் போய்த் தூக்கி வருவதற்கு இந்தச் சட்டத்தில் எங்கும் இடமில்லை.

நண்பர் கேட்ட மருத்துவ விளக்கம் இது. நீண்ட காலம் அதிகமாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் ஆறேழு மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டிலிருந்து நான்கு நாட்களுக்குள் சிலருக்கு இடம், நேரம், ஆள் தெரியாமல் போய், சுவரில் பூச்சி ஊர்வது போலத் தெரியும். சிகிச்சை இல்லாவிட்டால் உயிருக்கே ஆபத்து. ஆலோசகர் இதற்கு மருந்து தரப்போவதில்லை, ஆனால் வாசலில் முதலில் பார்ப்பவர் பெரும்பாலும் அவராகத்தான் இருக்கும். கடைசியாக எப்போது குடித்தார், முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்ததா என்ற இரண்டு கேள்விகளைப் பெயரைக் கேட்கும்போதே கேட்டுவிடுங்கள். நடை தள்ளாடி, கண் அசைவு மாறி, குழப்பமும் இருந்தால் அதைப் போதை என்று நினைத்துத் தூங்க வைத்துவிடாதீர்கள். தயமின் (வைட்டமின் பி1) குறைபாடாக இருக்கலாம், உடனே ஊசி தேவைப்படும்.

இன்னொரு தொல்லை உண்டு, இதைக் குடும்ப அமர்வில் நீங்கள் கட்டாயம் சந்திப்பீர்கள். "அவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தலாம்" என்று சுவரொட்டிகளில் வரும் விளம்பரங்களைப் பார்த்திருப்பீர்கள். யாரோ சொன்னார்கள் என்று மாத்திரையை வாங்கிப் பொடித்துக் குழம்பில் கலந்துவிடும் குடும்பங்கள் இருக்கின்றன. டைசல்பிராம் என்னும் அந்த மருந்தின் மேல் ஒருவர் குடித்தால், சாராயம் உடைந்து வரும் அசிட்டால்டிஹைடு உடம்பிலிருந்து வெளியேறாமல் தேங்கும். முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வந்து, இரத்த அழுத்தம் சரிந்துவிடும். நோயாளி தெரிந்து, சம்மதித்து, இதயத்தையும் ஈரலையும் பரிசோதித்த பிறகு தந்தால் அது ஒரு நல்ல மருந்து. தெரியாமல் தந்தால் விஷம் வைத்தது போலாகிவிடும். மனைவியிடம் இதைக் கேட்கும்போது குற்றவாளியை விசாரிப்பது போல் கேட்காதீர்கள், அவர் சொல்லவே மாட்டார். "வீட்டில் ஏதாவது மருந்து முயற்சி செய்து பார்த்தீர்களா?" என்று கேட்டாலே சொல்லிவிடுவார்.

எங்கள் பிரிவில் நல்ல ஆலோசகர் இருந்த மாதங்களுக்கும் இல்லாத மாதங்களுக்கும் உள்ள வேறுபாட்டை நான் மறுவருகைப் பதிவேட்டிலேயே பார்த்திருக்கிறேன். 2019இல் மத்திய அரசு வெளியிட்ட எய்ம்ஸ் ஆய்வின்படி நாட்டில் மது அருந்துவோர் ஏறத்தாழ 16 கோடிப் பேர், அவர்களில் உதவி தேவைப்படும் நிலையில் இருப்போர் 5.7 கோடிக்கு மேல். மனநல மருத்துவர்களை மட்டும் வைத்துக்கொண்டு இதை என்ன செய்வது?

---

வேப்பமரத்தடி, செவ்வாய் இரவு 10.30

"மூன்று வருடம் போதும்" நண்பர் எழுதியதில் ஒரு வரியைக்கூட நான் மறுக்கப்போவதில்லை. சேவை என்ற சொல்லைச் சம்பளப் பட்டியலில் சேர்க்கும் இடத்தில் நானும் இருந்திருக்கிறேன். 2008இல் 5,500 ரூபாய்க்குத் தொடங்கினேன். ஆனால் தொழிலாக இதில் வளர வழியே இல்லை என்பதுபோல் விட்டுவிட வேண்டாம்.

மாநிலத்தில் இந்தத் துறையை நிறுவனமாக்கியவர்களில் சாந்தி ரங்கநாதன் முக்கியமானவர். கணவர் டி.டி. ரங்கநாதனைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த பிறகு, 1980இல் சென்னையில் அவர் தொடங்கியதுதான் இன்று டி.டி.கே. மருத்துவமனை என்று அறியப்படுகிறது. 1992இல் பத்மஸ்ரீயும், 1999இல் ஐ.நா.வின் வியன்னா விருதும் அவருக்குக் கிடைத்தன. விருதுகளை ஒரு பக்கம் வைத்துவிட்டு, அவர் சமூகப்பணி படித்தவர் என்பதைக் கவனியுங்கள். குடிப்பவரின் மனைவியையும் சிகிச்சைக்குள் கொண்டுவர வேண்டும் என்ற பார்வை அங்கே அழுத்தமாக இருந்ததில் எனக்கு வியப்பில்லை.

வேலை கிடைக்கும் இடங்கள் மீட்பு மையங்கள் மட்டும்தானா என்றால், இல்லை. ஊசி மூலம் போதை ஏற்றிக்கொள்பவர்களுக்கு நாக்கடியில் வைக்கும் பூப்ரினார்பின் என்னும் மாற்று மருந்தைத் தரும் அரசு மையங்களிலும் ஆலோசகர் உண்டு. பெரிய தொழிற்சாலைகள், சிறைகள், தனியார் மருத்துவமனைகள் இருக்கின்றன. அரசு மருத்துவமனைகளில் 2025இல் கலங்கரை என்ற பெயரில் மீட்பு மையங்கள் திறந்திருக்கிறார்கள். மேலே படிக்க நினைத்தால் பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்ற மனநல நிறுவனங்களில் மனநலச் சமூகப்பணி உயர்படிப்பு இருக்கிறது. நுழைவுத் தேர்வு கடினம். அதை முடித்தவர்களுக்குச் சம்பளப் பேச்சே வேறாக இருக்கும். முதல் இரண்டு ஆண்டுகளை ஒரு நல்ல மையத்தில் கழித்துவிட்டு அந்தத் தேர்வை எழுதுங்கள் என்பது என் எண்ணம்.

---

வல்லிபுரம், புதன் காலை 7.45

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். எங்களுடைய பகுதியில் முன்பு கசிப்பு என்கிற கள்ளச்சாராயம்தான் பெரிய பிரச்சினையாக இருந்தது. இப்போது வருகின்ற பொடியன்களில் பலர் ஐஸ் (மெத்தாம்பெட்டமைன் என்னும் போதைப்பொருள்) பாவிக்கிறவர்கள். தமிழ்நாட்டு நண்பர்கள் மதுவைப் பற்றியே எழுதியிருப்பதால் இதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். மதுவுக்கும் அபினிவகைக்கும் துணைநிற்க மருந்துகள் உள்ளன. ஐஸ் பாவனைக்கு அப்படி நிறுவப்பட்ட மருந்து இன்னும் கிடையாது, பேச்சுவழிச் சிகிச்சைதான் முதன்மை. நித்திரை இல்லாமல் நான்கு நாள் இருந்துவிட்டு, யாரோ தன்னைப் பின்தொடர்வதாக நம்பி வருகின்ற பத்தொன்பது வயதுப் பிள்ளையோடு, குடிநோயாளியோடு கதைப்பதுபோல் கதைக்க முடியாது. குரலைத் தாழ்த்தி, கேள்விகளைக் குறைத்து, முதலில் நித்திரைக்கும் சாப்பாட்டுக்கும் வழிசெய்ய வேண்டும். தங்கச்சி சேரும் இடத்தில் எந்தப் பொருள் பாவிக்கிறவர்கள் அதிகம் வருகிறார்கள் என்று கேட்டு அறிந்துகொள்வது பயன்படும்.

---

பெயர் வேண்டாம், புதன் பிற்பகல் 3.10

நான் ஆலோசகர் இல்லை. என் கணவர் குடியை நிறுத்தி நான்கு வருடமும் இரண்டு மாதமும் ஆகிறது. அவருக்குப் பேசிய பெண்ணுக்கு அப்போது இருபத்தைந்து வயதுகூட இருந்திருக்காது. முதல் நாள் என்னிடம், "கடைசியாக நீங்கள் எப்போது முழுதாகத் தூங்கினீர்கள்?" என்று கேட்டார். பதினான்கு வருடத் திருமண வாழ்க்கையில் அவரைப் பற்றித்தான் எல்லோரும் கேட்டார்கள், என்னைப் பற்றி ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் பதில் சொல்லாமல் அழுதேன், அவரும் அவசரப்படுத்தாமல் இருந்தார். வயதைப் பற்றிய உங்கள் கேள்விக்காக இதை எழுதுகிறேன்.

---

காவிரிக்கரை, புதன் இரவு 10.05

இத்தனை பேர் நேரம் ஒதுக்கி எழுதுவீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கடைசி இரண்டு பதிவுகளை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லாமல் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார், ஆனால் சிறிது நேரம் கழித்து, "ராத்திரி வேலை உண்டா?" என்று மட்டும் கேட்டார்.

இன்னும் இரண்டு கேள்விகள் மிச்சமிருக்கின்றன. நேர்காணலில் நான் அவர்களிடம் என்னென்ன கேட்கலாம், கேட்டால் தவறாக நினைப்பார்களா? நாம் பல வாரம் பேசிய ஒருவர் வீட்டுக்குப் போன அடுத்த வாரமே குடித்துவிட்டு வந்தால் அதை எப்படித் தாங்குவது?

---

வேப்பமரத்தடி, புதன் இரவு 11.40

தவறாக நினைக்கும் இடம் என்றால், அது வெள்ளிக்கிழமையே தெரிந்துவிடுவது உங்களுக்கு லாபம். மனநல ஆணையத்தின் பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். மருத்துவர் வாரத்தில் எத்தனை நாள் வருகிறார், இரவில் செவிலியர் இருக்கிறாரா, நடு இரவில் வலிப்பு வந்தால் எந்த மருத்துவமனைக்கு, எந்த வண்டியில் கொண்டுபோகிறார்கள் என்று கேளுங்கள். நோயாளி தன் வீட்டுக்குத் தொலைபேசியில் பேச முடியுமா என்று கேளுங்கள். உங்களுக்கு மேலே வழிகாட்டும் மூத்த ஆலோசகர் யார் என்பதை அவசியம் கேளுங்கள், ஏனென்றால் அப்படி ஒருவர் இல்லாத இடத்தில் முதல் வேலையில் சேர்வதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. முடிந்தால் சமையலறையைப் பார்த்துவிட்டு வாருங்கள். நோயாளிகளுக்கும் ஊழியர்களுக்கும் ஒரே அடுப்பில் சமைக்கும் மையத்தில் அடி விழுந்து நான் கேள்விப்பட்டதில்லை. இதற்கு ஆய்வு ஆதாரம் எதுவும் கேட்காதீர்கள், பதினேழு வருடத்தில் நானாக வைத்துக்கொண்ட அளவுகோல்.

இரண்டாவது கேள்விக்கு ஆறுதல் எதுவும் என்னிடம் இல்லை, ஒரு பழக்கம் மட்டும் இருக்கிறது. என்னிடம் ஐந்து முறை சேர்ந்த ஒருவர் இருக்கிறார். இரண்டாவது முறை அவர் வந்தபோது, என்மேல் ஏதோ தவறு என்று நினைத்து நான் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாவது முறை அவர்மேல் கோபம் வந்தது. அந்தக் கோபத்தை அவர் என் முகத்தில் பார்த்துவிட்டு, அடுத்த முறை சறுக்கியபோது வெட்கப்பட்டு எட்டு மாதம் வராமலே இருந்துவிட்டார். அந்த எட்டு மாதத்தில் வேலை போயிற்று, ஒரு விரலும் போயிற்று. அதற்குப் பிறகு, திரும்பி வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது எத்தனை நாள் குடிக்காமல் இருந்தீர்கள் என்பதைத்தான். 40 நாள் என்றால் அந்த 40 நாளில் என்ன சரியாக நடந்தது, 41ஆம் நாள் என்ன வந்தது என்று எழுதுவோம். பெரும்பாலும் ஒரு சாவு வீடு வரும், அல்லது தீபாவளி போனஸ், அல்லது மச்சான் வீட்டுக் காதுகுத்து. ஐந்தாவது முறை அவர் போனபோது, சாவு வீட்டில் எத்தனை மணிக்கு உள்ளே போய் எத்தனை மணிக்குக் கிளம்புவது, யாருடைய வண்டியில் திரும்புவது என்பது வரைக்கும் தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போனார். இப்போது மாதம் ஒரு முறை வருகிறார்.

நோயாளிகளின் கதைகளை வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். கொண்டுதான் போவீர்கள். வாரத்தில் ஒரு நாள் உங்கள் மூத்தவரிடம் அவற்றைச் சொல்லி இறக்கிவைக்க ஒரு மணி நேரத்தை வேலை நேரத்துக்குள்ளேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

---

காவிரிக்கரை, சனி காலை 11.20

நேற்று போய்விட்டு வந்தேன். சான்றிதழைக் கேட்டதும் மேலாளர் சிரித்துக்கொண்டே, சுவரில் நாட்காட்டிக்குப் பின்னால் மாட்டியிருந்ததை எடுத்துக் காட்டினார். மருத்துவர் வாரத்தில் மூன்று நாள் வருகிறார், இரவுச் செவிலியர் இருக்கிறார். வழிகாட்ட மூத்த ஆலோசகர் ஒருவரும் இருக்கிறார், அவர் அடுத்த ஆண்டு ஓய்வு பெறுகிறார் என்பது மட்டும் சற்று உறுத்துகிறது. சமையலறையில் ஒரே அடுப்புதான், எனக்கும் அங்கேயே எலுமிச்சைச் சாதம் கிடைத்தது. சம்பளத்தில் 1,500 ரூபாய் கூட்டிக் கேட்டேன், ஆயிரம் கூட்டினார்கள். எனக்கு இரவுப் பணி கிடையாது. ஐஸ் பயன்படுத்துவோர் குறைவு என்றும், வலி நிவாரணி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் இளைஞர்கள் கூடிவருகிறார்கள் என்றும் சொன்னார்கள்.

திங்கட்கிழமை சேர்கிறேன். அம்மா சம்மதம் என்று வாயால் சொல்லவில்லை, ஆனால் மதியச் சாப்பாட்டுக்கு டப்பா வாங்கி வந்திருக்கிறார். எனக்கென்று ஒரு சிறிய அறை தருகிறார்கள், ஒரு மேசையும் மூன்று நாற்காலிகளும் இருக்கின்றன. முதல் நாள் என்ன ஏற்பாடு செய்து வைத்துக்கொள்ள வேண்டும்?

---

வேப்பமரத்தடி, சனி மாலை 5.50

மேசையைச் சுவரோரம் தள்ளிவிடுங்கள், நாற்காலிகளுக்கு நடுவில் அது வேண்டாம். கதவுக்கு அருகில் உள்ள நாற்காலி உங்களுடையதாக இருக்கட்டும். கதவை முழுதாக மூடாமல் ஒருக்களித்து வையுங்கள், ஆனால் பேச்சு வெளியே கேட்காதபடி மின்விசிறி ஓடட்டும். தண்ணீரை எவர்சில்வர் டம்ளரில் பாதி மட்டும் நிரப்பிக் கொடுங்கள். முதல் வாரத்தில் அவர்களுடைய கை நடுங்கும்.